திங்க்பேட் டி480-இல் டெபியன்: மெய்ப்புத் திருத்தும் மேசையிலிருந்து ஒரு மதிப்புரை

என் பழைய மடிக்கணினியில் முதலில் பழுதானது ‘ந’ என்ற எழுத்து. தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் பிரித்துத் தரப்பட்டுள்ளன. அந்தப் பிரிப்பில் ந, ய, ச, ஞ, ண, ழ ஆகிய ஆறும் வலக்கைச் சுண்டுவிரலின் பங்குக்கு வந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அரைப்புள்ளி விசை எப்போதாவதுதான் தேவைப்படும்; தமிழில் அதே விசைதான் ‘ந’ என்பதால் நான், நாம், நேற்று, இந்த, அந்த என்று வரிக்கு இரண்டு முறையாவது அதன்மேல் விரல் விழுகிறது. மெய்ப்புத் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு மூன்றே ஆண்டுகளில் அந்த விசை தளர்ந்து, ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதியத் தொடங்கியது. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி வைப்பது தமிழ்99-இன் விதி என்பதால், ‘நான்’ என்று அடித்த இடமெல்லாம் ‘ந்நான்’ என்று வந்து நின்றது.

பழுது பார்க்கக் கொண்டுபோன இடத்தில் அந்தக் கணினியைத் திறந்து காட்டினார்கள். விசைப்பலகை, மேல்மூடியோடு பிளாஸ்டிக் முளைகளை உருக்கிப் பொருத்தப்பட்டிருந்தது. ஒரு விசைக்காக மேல்மூடி முழுவதையும் மாற்ற வேண்டும், ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும், அந்த உதிரிபாகமும் வர ஒரு மாதம் பிடிக்கும் என்றார்கள். அன்று இரண்டு முடிவுகள் எடுத்தேன். அடுத்து வாங்கும் கணினியில் விசைப்பலகையை மட்டும் தனியாகக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். பல ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வரும் டெபியன் என்ற கட்டற்ற லினக்ஸ் இயங்குதளம் அதில் எந்த ஒட்டுவேலையும் இல்லாமல் ஓட வேண்டும். இந்த இரண்டையும் தாங்கும் கணினியைத் தேடிப் போய், 2024 ஜூலையில் சென்னை ரிச்சி தெருவில் 18,500 ரூபாய்க்கு வாங்கியதுதான் இந்தப் பயன்படுத்திய திங்க்பேட் டி480. ஒன்றரை ஆண்டு இதில் வேலை செய்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

டி480 என்பது 2018-இல் வெளிவந்த 14 அங்குல மாடல். திங்க்பேட் என்ற பெயர் 1992-இல் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்தது. 2005-இல் அந்தக் கணினிப் பிரிவு லெனோவாவின் கைக்குச் சென்றது. பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்கென்று மொத்தமாக வாங்கி, சில ஆண்டுகளில் ஒருசேரக் கழித்துவிடும் வகைக் கணினி என்பதால், பழைய சந்தையில் இது தாராளமாகக் கிடைக்கிறது, உதிரிபாகங்களுக்கும் பஞ்சமில்லை. இதில் இருப்பது இன்டெலின் எட்டாம் தலைமுறைச் செயலி. அதற்கு முந்தைய தலைமுறையில் இவ்வகை மடிக்கணினிகளில் இரண்டு கருக்களே இருந்தன. எட்டாம் தலைமுறையில்தான் அது நான்கானது. அந்த வேறுபாடு பல பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது கண்கூடாகத் தெரிகிறது. தனி என்விடியா வரைகலைச் சில்லு உள்ள வகையும் இதில் உண்டு. லினக்ஸுக்காக வாங்குபவர்கள் அதைத் தவிர்த்து, இன்டெலின் உள்ளார்ந்த வரைகலை மட்டும் உள்ளதையே தேர்ந்தெடுப்பது நல்லது. இன்டெல் வரைகலைக்கான இயக்கிகள் (டிரைவர்கள்) லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைத் தனியே தேடி நிறுவும் வேலை இல்லை.

கடைக்குப் போகும்போது டெபியனின் நேரடி இயக்கப் பதிப்பை ஒரு பென் டிரைவில் ஏற்றி எடுத்துச் சென்றிருந்தேன். நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்க முடிவதுதான் லினக்ஸ் பயனருக்குக் கடை வாசலில் கிடைக்கும் பெரிய வசதி.

“மேடம், விண்டோஸ் போட்டேதான் தர்றோம். பென் டிரைவ் எதுக்கு?” என்று கேட்டார் கடைப் பையன்.

“வேற சிஸ்டம் போடப் போறேன் தம்பி. அதுல எல்லாம் வேலை செய்யுதான்னு பார்த்துட்டு எடுத்துக்கறேன்” என்றேன். அவர் முகம் சுளிக்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் வைஃபையை இணைத்துப் பார்த்தேன். ஒலி, கேமரா, திரையின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் ஆகியவற்றைச் சோதித்தேன். மூடியைச் சாத்தி, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து, உறக்கத்திலிருந்து ஒழுங்காக விழிக்கிறதா என்று பார்த்தேன். லினக்ஸில் பழைய கணினிகள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இந்த உறக்கமும் விழிப்பும்தான். பிறகு வெற்று ஆவணம் ஒன்றைத் திறந்து சுண்டுவிரலின் ஆறு எழுத்துகளையும் ஐம்பது முறை அடித்தேன். கடைசியாகப் பேட்டரிகளின் நிலையைப் பார்த்தேன். தொழிற்சாலையிலிருந்து வந்தபோதிருந்த கொள்ளளவு எவ்வளவு, இன்று நிரம்புவது எவ்வளவு என்ற இரண்டையும் டெபியன் ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடும். 24 வாட்-மணி உள் பேட்டரி 19-க்கும், அதே அளவுள்ள வெளிப் பேட்டரி 13-க்கும் இறங்கியிருந்தன. அந்த எண்களைக் காட்டியதும் கடைக்காரர் பேரம் பேசாமலே ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைக் குறைத்துக்கொண்டார். மேலே சொன்ன விலை அந்தக் குறைப்புக்குப் பின்னான விலைதான்.

நிறுவலைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. அரை மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் அது அவ்வளவு எளிதாக முடிந்ததற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1993-இல் தொடங்கிய டெபியன், கட்டற்ற மென்பொருளின் வரையறையை மிகக் கறாராகக் கடைப்பிடித்து வந்த திட்டம். வைஃபை அட்டை போன்ற வன்பொருள்களுக்கு அவற்றின் தயாரிப்பாளர்கள் மூல நிரல் இல்லாமல் தரும் ஃபெர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் உள்நிரல்) கோப்புகளை நெடுங்காலம் அது தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்கவில்லை. அதனால், இணையத்தோடு இணைய வைஃபை ஃபெர்ம்வேர் வேண்டும், அந்த ஃபெர்ம்வேரைப் பெற இணையம் வேண்டும் என்ற முடிச்சில் புதிதாக வந்த எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார்கள். 2022-இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தி அந்தக் கோப்புகளை நிறுவியில் சேர்க்க முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. கொள்கையில் ஒரு படி இறங்கிவிட்டார்கள் என்று வருந்துபவர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. டி480-இன் வைஃபை அட்டை அந்த மூடிய கோப்பு இல்லாமல் இயங்காது என்பது உண்மை. ஆனாலும் அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். வாசற்படி ஏற முடியாமல் திரும்பிப் போனவருக்கு வீட்டுக்குள் இருக்கும் சுதந்திரத்தால் பயனில்லை.

தமிழகத்தில் பலரும் டெபியனின் வழிவந்த ஒன்றைப் பெயர் தெரியாமலே பார்த்திருக்கிறார்கள் என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்துத் தரப்பட்ட பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. வாங்கிய அன்றே அதை அழித்துவிட்ட மாணவர்களும் உண்டு, அதில் தொடங்கி இன்று மென்பொருள் துறையில் இருப்பவர்களும் உண்டு.

இனி, எனக்கு முக்கியமான தமிழுக்கு வருகிறேன். டெபியனின் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்நெட்99 என்ற பெயரில் சில தளக்கோலங்கள் தொடக்கத்திலேயே தென்படும். அவற்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, புள்ளி தானாக விழவில்லையே என்று குழம்ப வேண்டாம். அவை ஒரு விசைக்கு ஒரு குறி என்ற முறையில் மட்டும் இயங்குபவை. முன்னே எது வந்தது என்று அவற்றுக்குத் தெரியாது. ககர இரட்டிப்புக்குப் புள்ளி வைப்பது, ங-வுக்குப் பின் க வந்தால் ‘ங்க’ ஆக்குவது போன்ற விதிகள் வேண்டுமென்றால், ஐபஸ் உள்ளீட்டு முறையோடு எம்17என் என்ற தொகுப்பையும் நிறுவி, அதிலுள்ள தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை செய்துவிட்டால் அதன்பின் அதைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. லிப்ரே ஆபிஸிலும் இதுபோல ஒரு முதல்நாள் வேலை இருக்கிறது. தமிழை அது சிக்கலான எழுத்தமைவு என்று தனியாக வகைப்படுத்துவதால், எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலச் சொற்கள் மட்டும் மாறித் தமிழ் அப்படியே நிற்கும். மொழி அமைப்புகளில் அந்த வகையை இயக்கி, அதற்கான எழுத்துருவைத் தனியே குறித்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும்.

எழுத்துகள் திரையில் அமையும் விதத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ், மீரா இனிமை ஆகிய கட்டற்ற எழுத்துருக்கள் டெபியனின் களஞ்சியத்திலேயே கிடைக்கின்றன. நாள் முழுவதும் படிக்க நோட்டோவையும், இறுதி மெய்ப்புக்கு மீரா இனிமையையும் வைத்திருக்கிறேன். பழகிய எழுத்துருவில் கண் தாண்டிப் போகும் பிழைகள், வேறு எழுத்துருவில் எடுப்பாகத் தெரியும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிந்ததே.

கட்டற்ற கருவிகள் என் தொழிலுக்கு எந்த அளவுக்குத் தோள் கொடுக்கின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ‘மௌனம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்து ‘மௌ’ என்ற ஒரே உயிர்மெய். ஆனால் தட்டச்சு செய்பவர்களில் பலர் ‘மெ’ என்று அடித்து, அதன்பின் ளகரத்தை அடித்துவிடுகிறார்கள். தாளில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிவதால் படிக்கும் கண்ணுக்கு உறுத்தாது. ஆனால் கணினிக்கு அது ‘மெ-ள-ன-ம்’ என்ற வேறு சொல். மின்னூலில் ‘மௌனம்’ என்று தேடும் வாசகருக்கு அந்தப் பக்கம் கிடைக்காது. வாசித்துக் காட்டும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்ற வாசகருக்கு அது மெளனமாக அல்ல, ‘மெ’ என்றும் ‘ள’ என்றும் பிரிந்து ஒலிக்கும். (இந்த வாக்கியத்தில் வேண்டுமென்றே ஒருமுறை பிழையாக அடித்திருக்கிறேன். கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.) எகரக் கொம்புக்குப் பின் ளகரம் வரும் இடங்களையெல்லாம் தேடி மாற்றிவிடலாமே என்றால், வெளி, தெளிவு, வெள்ளம் ஆகிய சரியான சொற்களும் சிதைந்துவிடும். எனவே ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடங்களை மட்டும் ஜிரெப் என்ற சிறிய நிரலைக் கொண்டு பிரித்தெடுக்கிறேன். பெளர்ணமி, கெளரவம், வெளவால் எல்லாம் வலையில் விழுந்துவிடும். அதோடு, நாவல்களின் உரையாடலில் வரும் ‘வெளக்கு’, ‘வெளஞ்ச நெல்லு’ போன்ற பேச்சு வழக்குகளும் விழும். அவற்றைக் கண்ணால் பார்த்து விட்டுவிட வேண்டும். அண்மையில் நானூறு பக்க நாவல் ஒன்றில் இப்படி அறுபதுக்கு மேற்பட்ட இடங்களை ஒரு மணி நேரத்துக்குள் திருத்தி முடித்தேன். தாளில் படித்துத் திருத்தியிருந்தால் அவற்றில் ஒன்றையும் கண்டிருக்க மாட்டேன்.

‘ஸ்ரீ’ என்ற எழுத்தும் இத்தகையதே. அது ஸகரத்தை முதலாகக் கொண்டும், 2005-இல் ஒருங்குறியில் (யூனிகோடில்) சேர்க்கப்பட்ட ஶகரத்தை முதலாகக் கொண்டும் இருவகையாக எழுதப்படுகிறது. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உருவம். ஒரு நூலுக்குள் இரண்டும் கலந்து வந்தால் பொருளடைவு இரண்டாகப் பிளந்துவிடும். இதற்கும் ஒரு வரி நிரல் போதும். இந்தச் சிறிய நிரல்களை நான் யாரிடமும் விலைக்கு வாங்கவில்லை. ஒன்றைப் பார்த்து ஒன்றாக எழுதப் பழகிக்கொண்டேன். அவை இயங்குதளத்தோடு இலவசமாக வருகின்றன என்பதைவிட, என் மொழியின் தேவைக்கு ஏற்ப நானே வளைத்துக்கொள்ளும்படி திறந்து கிடக்கின்றன என்பதே எனக்குப் பெரிது.

பழைய நூல்களை வருடி எழுத்துகளாக மாற்றுவதற்கு டெசராக்ட் என்ற கட்டற்ற நிரலைப் பயன்படுத்துகிறேன். தெளிவாக அச்சான, 1980-க்குப் பிந்தைய நூல்களில் அது வியக்கும்படி நன்றாகப் படிக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில், ணை, லை, னை ஆகியவை யானைத் துதிக்கை வடிவிலும் ணா, றா, னா ஆகியவை சுழிந்த வடிவிலும் வரும் இடங்களில், மிகவும் தடுமாறுகிறது. அப்படிப்பட்ட நூல்களுக்குத் தட்டச்சே இன்றும் விரைவான வழி.

இந்த வேலையில்தான் எனக்கு ஒரு சறுக்கல் நேர்ந்தது. 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வெளிவந்ததும் அடுத்த மாதமே மேம்படுத்தினேன். மேம்பாடு சிக்கலின்றி முடிந்தது. ஆனால் அந்த வாரம் முந்நூறு பக்க நூல் ஒன்றைப் படங்களாகப் பிரிக்கும்போது பாதியில் ‘இடம் இல்லை’ என்று நின்றுவிட்டது. எஸ்எஸ்டியிலோ பாதிக்கு மேல் காலியாக இருந்தது. தற்காலிகக் கோப்புகளுக்கான அடைவை டெபியன் 13 வட்டிலிருந்து நினைவகத்துக்கு மாற்றியிருக்கிறது என்பதும், அதற்கு ரேமில் பாதி அளவே எல்லை என்பதும் பிறகுதான் தெரியவந்தது. அப்போது என்னிடம் 8 ஜிபி ரேம்தான் இருந்தது. 4 ஜிபியைத் தாண்டியதும் வேலை முறிந்துவிட்டது. வெளியீட்டுக் குறிப்புகளில் இது தெளிவாக எழுதப்பட்டிருந்தது, பழைய முறைக்குத் திரும்பும் வழியும் அங்கேயே இருந்தது. நான்தான் படிக்காமல் மேம்படுத்திவிட்டேன். மேம்படுத்துமுன் அந்தக் குறிப்புகளை முழுமையாகப் படித்துவிடுங்கள். படிக்க ஒரு மணி நேரம் போதும்.

டி480-இல் எனக்கு மிகவும் பிடித்தது அதன் இரண்டு பேட்டரிகள். ஒன்று உள்ளே நிலையாக இருக்கிறது, மற்றொன்றைப் பின்பக்கமாக உருவி எடுக்கலாம். கணினி முதலில் வெளிப் பேட்டரியைத் தீர்த்த பிறகே உள்ளிருப்பதைத் தொடுகிறது. எனவே வெளிப் பேட்டரி காலியானதும், வேலையை நிறுத்தாமல், கணினியை அணைக்காமல், அதை உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். மின்வெட்டு நாட்களில் இதன் அருமை தெரியும். வாங்கிய புதிதில், 72 வாட்-மணி என்று ஒட்டியிருந்த வெளிப் பேட்டரி ஒன்றை இணையத்தில் மலிவாக வாங்கி ஏமாந்தேன். இரண்டே மாதத்தில் அது 40 விழுக்காட்டிலிருந்து ஒரே தாவலில் பூஜ்யத்துக்கு இறங்கியது. உள் பேட்டரி இருந்ததால் திறந்திருந்த கோப்பு பிழைத்தது. பிறகு அசல் 48 வாட்-மணி பேட்டரியை இருமடங்கு விலை கொடுத்து வாங்கினேன். இப்போது இரண்டும் சேர்ந்து எழுத்து வேலைக்கு எட்டு மணி நேரம் தாங்குகின்றன. பேட்டரி எத்தனை விழுக்காட்டில் சார்ஜ் ஏறத் தொடங்க வேண்டும், எத்தனையில் நிற்க வேண்டும் என்பதைத் திங்க்பேட்களுக்கான கர்னல் இயக்கி வழியே நாமே குறிக்க முடிகிறது. நாள் முழுவதும் சார்ஜரோடு மேசையில் இருக்கும் கணினி என்பதால் 75-இல் தொடங்கி 80-இல் நிற்கும்படி வைத்திருக்கிறேன். இதனால்தானோ என்னவோ, உள் பேட்டரியின் அளவு வாங்கிய நாளிலிருந்து பெரிதாகக் குறையவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். முழு எச்டி திரை வகையை எடுத்தாலும் அதன் ஒளி சுமார்தான். சன்னலோரத்தில் பகலில் உட்கார்ந்து வேலை செய்ய நினைப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. அதைவிடக் குறைந்த தெளிவுத்திறன் கொண்ட வகையும் சந்தையில் விற்கப்படுகிறது. தமிழின் சுழிகளும் புள்ளிகளும் அதில் மங்கிக் குழையும், எனவே விலை எவ்வளவு குறைந்தாலும் அதை வாங்க வேண்டாம். கைரேகை உணரிக்கு லினக்ஸில் அதிகாரபூர்வ ஆதரவு இல்லை. ஆர்வலர்கள் எழுதிய மாற்று இயக்கி ஒன்று உண்டு என்றாலும் எனக்குக் கடவுச்சொல்லே போதுமானதாக இருக்கிறது. இந்தத் தலைமுறைத் திங்க்பேட்களில் தண்டர்போல்ட் என்ற அதிவேக யூஎஸ்பி-சி துறையில் பழைய ஃபெர்ம்வேரால் காலப்போக்கில் பழுது ஏற்படும் என்று கண்டறியப்பட்டு, அதற்கான திருத்தத்தை லெனோவா வெளியிட்டது. திருத்தம் ஏற்றப்படாத கணினிகள் பழைய சந்தையில் இன்னும் இருக்கக்கூடும். ஆகவே கடையிலேயே யூஎஸ்பி-சி துறைகள் இரண்டிலும் மாற்றி மாற்றிச் சார்ஜரைச் செருகிப் பார்த்துவிடுங்கள். கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை நிரலான பயாஸின் மேம்பாடுகளைப் பெறுவது எளிது. லினக்ஸ் வெண்டர் ஃபெர்ம்வேர் சர்வீஸ் என்ற பொதுக் களஞ்சியத்தில் லெனோவா 2018-இல் சேர்ந்துவிட்டதால், மற்ற மென்பொருள் மேம்பாடுகளோடு பயாஸும் வந்துவிடுகிறது. விண்டோஸைத் தேடிப் போக வேண்டியதில்லை.

முழுமையான சுதந்திரத்தை நாடுபவர்களுக்கு இந்தக் கணினி நிறைவளிக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜின் என்ற மூடிய துணைச்செயலி இதில் இருக்கிறது. பயாஸுக்கு மாற்றான லிப்ரேபூட் என்ற கட்டற்ற நிரலின் ஆதரவு டி480-க்கு வந்திருக்கிறது. பயாஸ் சில்லைத் தனிக்கருவி கொண்டு மறுபதிவு செய்யத் துணிவும் அனுபவமும் உள்ளவர்கள் முயலலாம். பிழைப்புக்கான ஒரே கணினியில் அதை முயல எனக்கு மனம் வரவில்லை.

மென்பொருள் பக்கத்தில் என்னைத் தடுத்து நிறுத்தும் சுவர் ஒன்றே ஒன்றுதான், அது பக்க வடிவமைப்பு. நூலை அச்சுக்கு அனுப்பும் பதிப்பகங்கள் பயன்படுத்தும் இன்டிசைனும் பேஜ்மேக்கரும் லினக்ஸில் இல்லை. ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற நிரல் தமிழை இப்போது ஒழுங்காக அமைக்கிறது. சிறு வெளியீடுகள் இரண்டை அதில் முடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பதிப்பகத்தின் மூலக் கோப்பையே திறந்து திருத்த வேண்டிய வேலைகளை நான் ஏற்பதில்லை. தமிழக அரசு 2010-இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்ற பிறகும், பழைய குறியாக்க எழுத்துருக்களில்தான் கோப்பு வேண்டும் என்று கேட்கும் அச்சகங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்காக மாற்றி நிரல் ஒன்றை வைத்திருக்கிறேன். மாற்றிய பின் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அச்சுப்பொறியைப் பொறுத்தவரை, ஏர்பிரிண்ட் ஆதரவு என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்கினால் போதும். தனி இயக்கி எதுவும் இல்லாமலே என்னுடையது அச்சிடுகிறது, வருடுகிறது.

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் கணினிகளை ஏற்பதில்லை. அந்தக் கோட்டுக்கு இப்பால் நிற்பது டி480, அப்பால் நிற்பது அதன் முன்னோடியான டி470. இதே இரட்டைப் பேட்டரியும் திறந்து பழுது பார்க்கும் வசதியும் கொண்ட டி470-ஐ இதன் காரணமாகவே மலிவாக விற்கிறார்கள். டெபியன் அதில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். எழுத்து வேலைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் மட்டும் கணினி வேண்டும் என்பவர்கள், டி480-க்குப் பதில் டி470-ஐ வாங்கி, மிச்சப் பணத்தை ரேமுக்கும் நல்ல பேட்டரிக்கும் செலவிடலாம். காணொளித் தொகுப்பு, பெரிய விளையாட்டுகள் போன்றவற்றுக்கு இரண்டுமே சரிப்படாது.

கடைசியாக விசைப்பலகை. வாங்கும்போதே இதன் விசைகள் சிலவற்றில் எழுத்துகள் தேய்ந்திருந்தன. சென்ற நவம்பரில் ‘ய’ விசை லேசாக அமுங்கி நிற்கத் தொடங்கியது. புதிய விசைப்பலகையை 1,700 ரூபாய்க்கு வரவழைத்தேன். கணினியைப் பிரிக்கும் முறையைப் படங்களோடு விளக்கும் பராமரிப்புக் கையேட்டை லெனோவாவே பொதுவில் வைத்திருக்கிறது. அதைத் தாளில் அச்சிட்டு அருகில் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உணவுக்குப் பின் உட்கார்ந்தேன். பயாஸுக்குள் சென்று உள் பேட்டரியைச் செயலிழக்கச் செய்து, வெளிப் பேட்டரியை உருவிவிட்டு, அடிப்பக்கத்தில் விசைப்பலகையைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளைத் தளர்த்தினேன். பிறகு கணினியைத் திருப்பி விசைப்பலகையை லேசாகத் தள்ளியதும் ஓர் ஓரம் எழும்பியது. கீழே இரண்டு பட்டையான மின்கம்பிகள். அவற்றை நகத்தால் நெம்பி எடுத்து, புதியதை அதே இடத்தில் பொருத்தினேன். கை நடுங்கிய நேரத்தையும் சேர்த்து நாற்பது நிமிடம் ஆனது. அதே அமர்வில் கீழ்மூடியையும் திறந்து, இரண்டாவது ரேம் இடத்தில் 8 ஜிபி அட்டையைச் செருகி, விசிறியில் பஞ்சுபோல் படிந்திருந்த தூசியைத் தூரிகையால் எடுத்தேன்.

மூடி, இயக்கி, வெற்றுப் பக்கத்தைத் திறந்து சுண்டுவிரலின் ஆறு எழுத்துகளையும் அடித்தேன். ஆறும் சரியாக விழுந்தன. பழைய விசைப்பலகையை எறியவில்லை. அதில் ‘ய’ மட்டும்தான் பழுது. ‘ந’ இன்னும் நன்றாக இருக்கிறது என்பதால், உறையிலிட்டு மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.